விரல் போன கையோடு வேலைக்குத் திரும்புகிறவருக்கு எப்படித் துணை நிற்பது

பவர் பிரஸ்ஸில் விரலை விட்டவர், லேத்தில் சுற்றும் இரும்புத் துண்டோடு சட்டைக் கையும் சுற்றிக்கொண்டவர், கிரைண்டிங் வீல் தெறித்துத் தசைநாண் அறுந்தவர். கோயம்புத்தூரில் என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இப்படித்தான். கணபதிப் பட்டறைகளிலிருந்தும் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்தும் வருவார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள், பாதிப்பேருக்கு மேல் சின்ன வயசு. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அடிபட்ட கையை அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பழக்குகிறவள். எல்லோரும் "பிசியோ மேடம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள், திருத்துவதை விட்டுவிட்டேன்.

இது அவர்களுக்காக எழுதியது இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், கம்பெனியில் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்போகும் சூப்பர்வைசருக்கும் எழுதியது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கேனுங்க மேடம்" என்றுதான் பதில் வரும். வீக்கம் மணிக்கட்டு வரை ஏறியிருக்கும், ராத்திரி தூக்கமே இருந்திருக்காது, ஆனாலும் நல்லா இருப்பார். அதற்குப் பதிலாகக் காரியத்தைக் கேளுங்கள். சட்டைப் பட்டனை யார் போட்டது? நேற்று எத்தனை மணிக்கு முழிப்பு வந்தது? வண்டியை யார் ஓட்டிக்கொண்டு வந்தது? மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்? மனசைப் பற்றிய கேள்விக்கு வாய் திறக்காதவர்கூட, கை என்ன செய்தது என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறார். கீழே வருவதெல்லாம் அந்தப் பதில்களை வைத்து என்ன செய்வது என்பதுதான்.

முதலில் காகிதம்

ராத்திரி முழிப்பில் பாதி, தவணைக் கணக்கு. அதனால் பணத்திலிருந்து தொடங்குகிறேன்.

அவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், விபத்து வேலையிடத்தில் நடந்தது என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். "வீட்டுல அடிபட்டதா சொல்லிக்கலாம், தனியார் ஆஸ்பத்திரிச் செலவ நான் பாத்துக்கறேன்" என்று சில முதலாளிகள் சொல்வதுண்டு. அந்த நேரத்துக்கு அது பெரிய மனசாகத் தெரியும். ஒத்துக்கொள்ளாதீர்கள். வேலையில் பட்ட காயம் என்று பதிவானால், விபத்து நாளைச் சேர்க்காமல் குறைந்தது 3 நாள் வேலைக்குப் போக முடியாத நிலை இருந்தாலே, குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம் தற்காலிக ஊனப் பணமாக வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டிருந்தாலும் உண்டு. சாதாரண நோய் என்று போனால் கிடைப்பது 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள்தான். விபத்து அறிக்கை, கேஸ் ஷீட், எக்ஸ்ரே எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

அதன் பிறகு மெடிக்கல் போர்டு. எவ்வளவு சம்பாதிக்கும் திறன் போனது என்று அவர்கள் ஒரு சதவீதம் எழுதுவார்கள். சட்டத்தில் உள்ள அட்டவணைப்படி ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7, ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20. மாதம் 15,000 சம்பளக்காரருக்கு நாள் கூலி 500 என்று வைத்துக்கொள்வோம். அதில் 90 சதவீதம் 450. 20 சதவீத இழப்பு என்று எழுதினால் நிரந்தர ஊனப் பணம் அந்த 450இல் 20 சதவீதம், அதாவது நாளுக்கு 90 ரூபாய், மாதத்துக்கு ஏறக்குறைய 2,700. போர்டு எழுதியது குறைவு என்று பட்டால் அப்பீல் செய்யலாம்.

இந்தப் பணம் அவர் திரும்ப வேலைக்குப் போனாலும் நிற்காது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "வேலைக்குப் போனா பென்ஷன் போயிரும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாதக்கணக்கில் வீட்டிலேயே உட்கார்ந்து சோர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். நிற்பது அந்த 90 சதவீதத் தற்காலிகப் பணம் மட்டும்தான். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் நாளுக்கு அது கிடையாது.

அட்டவணையோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் தலா 7தான் என்கிறார்கள். சுத்தியல், ஸ்பேனர், கடப்பாரை எதையும் இறுக்கிப் பிடிக்கிற பலத்தில் பெரும் பங்கு அந்த இரண்டு விரலிலிருந்து வருகிறது. ஆள்காட்டி விரல் போனால் நடுவிரல் சீக்கிரமே அதன் வேலையைக் கற்றுக்கொள்ளும். அந்த இரண்டும் போனவருக்குச் சுத்தியல் கையைவிட்டுப் பறக்கும். ஆகவே சதவீதம் குறைவு என்பதால் வேலைக்குத் திரும்புவது சுலபம் என்று சூப்பர்வைசர் நினைத்துவிடக் கூடாது.

வீட்டில்

தையல் பிரித்து, காயம் முழுக்க மூடிய பிறகு தழும்பில் தேங்காய் எண்ணெய் விட்டு வட்டமாக அழுத்தித் தேய்க்க வேண்டும், தினமும் சில தடவை. வெட்டுப்பட்ட விரல் நுனி, சட்டை பட்டால்கூடச் சுள்ளென்று இழுக்கும். அதற்கு முதலில் பஞ்சு, அப்புறம் துண்டு, அப்புறம் ஒரு கிண்ணம் அரிசியில் கையை விட்டு அளைவது, கடைசியில் மணல். இப்படிப் படிப்படியாகப் பழக்கினால்தான் இரும்பைத் தொட முடியும். வலிக்கிறது என்று கையைத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தால் தொடுகையே பகையாகிவிடும். தசைநாண் தைத்தவருக்கு மட்டும் கணக்கு வேறு. கனமான பிடி பொதுவாக 12 வாரம் வரை கூடாது, சர்ஜன் சொல்வதே முடிவு.

பட்டனைப் போட்டுவிடுவது, சோற்றைப் பிசைந்து ஊட்டுவது இதெல்லாம் முதல் சில வாரம் சரி. கட்டுப் பிரித்த பிறகும் தொடர்ந்தால் அவர் வீட்டில் இன்னொரு குழந்தையாகிவிடுவார், அது அவருக்கே பிடிக்காது, எரிந்து விழுவார். பட்டன் போட 10 நிமிடம் ஆகட்டும், நீங்கள் சமையலறைக்குப் போய்விடுங்கள்.

சாப்பாடு

வெளியூர்ப் புத்தகங்களில் இந்தப் பகுதி இருக்காது. நம் ஊரில் வேலைக்குத் திரும்பும் ஆண்கள் தடுக்கி விழும் இடம் மெஷின் இல்லை, கேன்டீன்.

வலது கையில் இரண்டு விரல் போனவர் நாலு பேர் முன்னால் சாப்பிட மாட்டார். ரசம் சாதம் இடுக்கு வழியே ஒழுகும், பருக்கை சட்டையில் விழும், எதிரே இருப்பவர் பார்க்காத மாதிரி பார்ப்பார். ஒருவர் ஸ்டோர் ரூமில் பெட்டிகளுக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொருவர் டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தார், சம்சாரத்திடம் "பசிக்கல" என்றார். மதியம் சாப்பிடாதவர் வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறார். சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவருக்கு மதியத்துக்கு மேல் தலை சுற்றுகிறது, மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு. அதோடு கேன்டீனில் உட்காராதவருக்கு மெல்ல மெல்லப் பேச்சுத்துணையும் போய்விடுகிறது. எனவே வேலைக்குப் போன முதல் வாரம் நான் கேட்கும் முதல் கேள்வியே மதியம் எங்கே சாப்பிட்டார் என்பதுதான்.

வீட்டிலேயே வரிசை வைத்துப் பழக்குங்கள். பொங்கல், கெட்டியான தயிர் சாதம் முதலில். அப்புறம் சாம்பார் சாதம். ரசம் கடைசி. இட்லி பரவாயில்லை. தோசையை ஒரே கையால் பிய்க்கக் கட்டைவிரலும் மோதிர விரலும் ஒன்றுக்கொன்று எதிராக வந்து நிற்கப் பழக வேண்டும், அது சாதத்தைவிடக் கஷ்டம். பரோட்டாவை விட்டுவிடுங்கள், நல்ல கைக்காரர்களே திணறுகிறார்கள். முதல் சில வாரம் கம்பெனிக்குக் கட்டிக்கொடுப்பது பொங்கலும் தயிர் சாதமுமாகவே இருக்கட்டும்.

ஸ்பூன் வைத்துக்கொள்ளலாமா? தாராளமாக. டிபன் பையில் சொல்லாமல் ஒன்றைப் போட்டுவிடுங்கள், எடுப்பதும் எடுக்காததும் அவர் இஷ்டம். இடது கையால் சாப்பிடுவதற்குப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பாட்டியிடம் வேறு யாராவது தனியாகப் பேசி வையுங்கள், அவரையே பேசவைக்காதீர்கள். கல்யாணப் பந்தியில் ஓரத்து இலை பிடித்துக் கொடுங்கள். கேன்டீனில் முதல் நாள் அவருக்கு நெருக்கமான ஒருவர் மட்டும் கூட உட்கார்ந்தால் போதும். அந்த ஒருவர் யார் என்று சூப்பர்வைசர் முன்னாலேயே பேசி வைப்பது நல்லது.

ராத்திரி

போன விரல் அரிக்கும், எரியும், முறுக்கும். "இல்லாத விரல் வலிக்குது" என்று சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று பலர் சொல்வதே இல்லை. நீங்களே எடுத்துக்கொடுங்கள்: "போன விரல் வலிக்கிற மாதிரி இருக்கும்னு சொல்றாங்களே, இருக்கா?" மூளையில் அந்த விரலுக்கான இடம் இன்னும் இருக்கிறது, வலி நிஜம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடிப் பெட்டி முறையைக் கொண்டுவந்தார். நல்ல கையின் பிம்பம் போன கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தி, இரண்டு கையையும் அசைப்பது. எல்லோருக்கும் கேட்பதில்லை, சிலருக்கு நன்றாகக் கேட்கிறது. செலவு ஒரு கண்ணாடிதான், ஒரு தடவை தெரபிஸ்ட்டிடம் கற்றுக்கொண்டு வீட்டில் செய்யலாம்.

பக்கத்து வீட்டு ஷட்டர் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவது, கனவில் பிரஸ்ஸின் டை (தகட்டை அழுத்தி வெட்டும் அச்சு) இறங்குவது, இதெல்லாம் முதல் சில வாரம் சகஜம். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றாலோ, கம்பெனி இருக்கும் ரோட்டையே தவிர்த்துச் சுற்றிப் போகிறார் என்றாலோ மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அவர் கூப்பிட மாட்டார் என்றால் நீங்கள் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேளுங்கள்.

குடி. "குடிக்காதே" என்ற பிரசங்கம் எந்த வீட்டிலும் வேலை செய்து நான் பார்த்ததில்லை. மாத்திரையை வைத்துப் பேசினால் கேட்கிறார்கள். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், கபாபென்டின், அப்புறம் ட்ரமடால், இவற்றோடு மது சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். டைக்ளோஃபெனாக்கோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்று மட்டும் கேளுங்கள். தினமும் நிறையக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும்கூட வரலாம், ஆகவே நிறுத்துவதும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான்.

தாம்பத்தியத்தைப் பற்றி என்னிடம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதனால் படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன்: "மருந்து தொடங்கிய பிறகு தாம்பத்தியத்தில் மாற்றம்: உண்டு / இல்லை". டிக் அடிக்கிறார்கள். சில மருந்துகளும் மனச்சோர்வும் ஆசையைக் குறைக்கும், மருந்தையோ அளவையோ மாற்றிப் பார்க்கலாம். கணவர் ஒதுங்கினால் உங்கள் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பீடி, சிகரெட் ரத்தக் குழாயைச் சுருக்கும். ஒட்டுப்போட்ட விரலுக்கும் தோலுக்கும் அது நேரடி எதிரி. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பது இந்த விபத்தின்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. வேலைக்குத் திரும்பியதும் அந்த மாத்திரையைத்தான் முதலில் நிறுத்துவார்கள், கவனியுங்கள்.

கம்பெனியில்

திங்கட்கிழமை தொடங்க வேண்டாம். வியாழக்கிழமை தொடங்கினால் மூன்று நாளில் ஞாயிறு வந்துவிடும். முதல் இரண்டு வாரம் தினமும் 4 மணி நேரம், அடுத்த இரண்டு வாரம் 6 மணி நேரம், அப்புறம் முழு ஷிஃப்ட் என்பது நான் வழக்கமாக எழுதிக்கொடுக்கும் அளவு. நைட் ஷிஃப்டும் ஓவர்டைமும் மூன்று மாதத்துக்கு வேண்டாம். அரை நாள் வேலைக்கு என்ன சம்பளம் என்பதை அவர் போவதற்கு முன்பே பேசிக் காகிதத்தில் வாங்குங்கள். வேலை முடிந்து வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வீக்கம் இருந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டார் என்று அர்த்தம், அன்றைக்குக் குறைக்க வேண்டும்.

"லைட் வேலை கொடுக்கறோம்" என்பார் சூப்பர்வைசர். எது லைட்? ஆள்காட்டி விரல் இல்லாதவருக்குச் சின்ன ஸ்க்ரூ எண்ணிப் பாக்கெட் போடும் வேலை, பெட்டி தூக்குவதைவிடக் கடினம். வெர்னியர் அளவுகோல் பிடிப்பதும் அப்படித்தான். சுண்டு விரல் பக்கம் போனவருக்கு அதே பேக்கிங் சுலபம், ஸ்பேனர்தான் ஆகாது. எந்த விரல் போனது என்று பார்த்து வேலையைத் தேர்ந்தெடுங்கள். கூட வேலை செய்கிறவர் அந்த வேலையை ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்து அனுப்பினால், எந்தப் பிடி வேண்டும் என்று நாங்கள் பார்த்துச் சொல்லிவிடுவோம். கைப்பிடி மெல்லிசாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கலாம்.

இன்னொன்று. டை செட் செய்து வந்தவரைக் கேட்டில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிவர அனுப்பாதீர்கள். இரக்கம் என்று நினைத்துச் செய்கிறீர்கள், அவர் அதை முடிவுரை என்று எடுத்துக்கொள்கிறார். புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கொடுங்கள். ஸ்டோர் கணக்கு, டை பராமரிப்புப் பதிவு, எதுவாக இருந்தாலும் அவர் இல்லாவிட்டால் நிற்கக்கூடிய ஒரு வேலை.

எல்லோரும் கையைக் காட்டச் சொல்வார்கள். ஒரே வரியை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு போகட்டும். ஒருவர் வைத்திருந்தது எனக்குப் பிடித்தது: "பிரஸ்ல போச்சு, இப்பப் பரவால்ல, நீ கார்டு போட்டு ஓட்டு." கார்டு என்பது கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பு.

மெஷினிடம் திரும்புவது படிப்படியாகத்தான். முதலில் நிறுத்திய மெஷின் பக்கத்தில் நிற்பது, அப்புறம் இன்னொருவர் ஓட்டும்போது பார்ப்பது, அப்புறம் கூட ஒருவரை வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுவது. வியர்த்தால் அந்தப் படியிலேயே சில நாள் நிற்கலாம். ஆனால் கார்டு இல்லாத, இரண்டு கைப் பட்டனோ சென்சாரோ இல்லாத அதே பெடல் பிரஸ்ஸுக்கு முன்னால் அவரைத் திரும்ப உட்காரவைப்பதற்குப் பேர் பயிற்சி இல்லை. மெஷினைச் சரிசெய்யும் வரை வேறு வேலை. குளிர்காலக் காலையிலும் கூலன்ட் படும்போதும் வெட்டுப்பட்ட விரல் மரத்துக் கடுக்கும், பயணத்துக்கும் வீட்டுக்கும் கம்பளி உறை நல்லது. லேத், டிரில்லிங் மெஷின் பக்கம் மட்டும் எந்த உறையும், தொங்கும் கட்டுத்துணியும் கூடாது, சுற்றும் பாகம் கையோடு இழுத்துவிடும்.

இடது கை அடிபட்டவருக்கு பைக் கிளட்ச் பெரிய பிரச்சினை. அவர் சொல்ல மாட்டார், ஒரு மாதிரி ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். கியர் இல்லாத வண்டிக்கு மாறினாலும் இடது பக்கம் பிரேக் உண்டு. நின்ற வண்டியில் லீவரை முழுக்க அழுத்திப் பிடிக்க முடிகிறதா என்று பார்த்த பிறகு ரோட்டுக்கு விடுங்கள். அதுவரை கம்பெனி வேனோ பஸ்ஸோதான்.

எப்போது பொறுத்திருக்கக் கூடாது

2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்ததாகப் பதிவான 1,70,924 பேரில் 1,22,724 பேர் ஆண்கள். "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு, கடன் பத்திரங்களையும் இன்சூரன்ஸ் காகிதங்களையும் திடீரென்று மனைவியிடம் விளக்கி ஒப்படைப்பது, பிடித்த பொருளை யாருக்காவது கொடுத்துவிடுவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் சாவதைப் பற்றி யோசிக்கிறாரா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல், மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், 14416க்கும் பேசுங்கள்.

மூன்று மாதம் கழித்து

எல்லோரும் மறந்துவிடும் நேரம் இது. முழு ஷிஃப்ட் பார்க்கிறார், சம்பளம் வருகிறது, அவ்வளவுதான் என்று நினைப்பார்கள். அந்தச் சமயம் சூப்பர்வைசர் ஒரு தடவை, வீட்டார் ஒரு தடவை, எந்த வேலையை அவர் இன்னும் தள்ளிவிடுகிறார் என்று மட்டும் பாருங்கள். ஆயுத பூஜை வந்தால், அடிபட்ட பிரஸ்ஸுக்குச் சந்தனம் வைக்கச் சொல்லி மரியாதை செய்வதாக நினைத்து அவரை முன்னால் தள்ளாதீர்கள், தனியாகக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். போட்டோ எடுக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். தள்ளிவிடும் வேலைகளின் பட்டியலை எழுதி அடுத்த ரிவியூவுக்கு எடுத்துவரச் சொல்லுங்கள். அவர் எடுத்துவர மாட்டார், நீங்களே வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.